கொடி இல்லாமல் ஆடுகிறவர்களும் கடவுச்சீட்டு இல்லாமல் வாழ்கிறவர்களும்

2022 செப்டெம்பர் 12 முதல் 18 வரை சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் ‘சென்னை ஓபன்’ மகளிர் தொடர் நடந்தது. தமிழ்நாடு அரசு 5 கோடி இந்திய ரூபாய் கொடுத்து ஆதரித்த தொடர் அது. ஒற்றையர் கிண்ணத்தை வென்ற செக் குடியரசின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவாவே அந்த வாரத்தின் செய்தியானார். மகளிர் இரட்டையர் இறுதிப்போட்டியை விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் சில வரிகளில் முடித்துவிட்டார்கள். கனடாவின் கப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் 6-1, 6-2 என்று வென்றார்கள். தோற்றவர்கள் அன்னா பிளிங்கோவாவும் நடேலா ஸலமிட்ஸேயும்.

அந்தச் சில வரிகளுக்குள் எங்களுக்கு வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. தோற்ற இருவரும் மொஸ்கோவில் பிறந்தவர்கள். பிளிங்கோவாவின் பெயருக்குப் பக்கத்தில் எந்த நாட்டின் கொடியும் இல்லை. ஸலமிட்ஸேயின் பெயருக்குப் பக்கத்தில் ஜோர்ஜியாவின் கொடி இருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் அவரும் ரஷ்ய வீராங்கனைதான். இடையில் நடந்தது யுத்தம்.

ஓர் அரசு செய்யும் யுத்தத்துக்கு அந்த நாட்டில் பிறந்த விளையாட்டு வீரர் எவ்வளவு பொறுப்பு? முள்ளிவாய்க்காலுக்குப் பின்னர் இலங்கை அணிகளைப் புறக்கணிக்கச் சொல்லி உலகத்திடம் கேட்டவர்கள் நாங்கள். ஆகவே இந்தக் கேள்வியை ஐரோப்பாவின் பிரச்சினை என்று தள்ளிவைக்க எங்களால் முடியாது.

கொடி எப்படிப் போனது?

2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. ஒரு வாரத்துக்குள், மார்ச் 1 அன்று, உலக டென்னிஸை நிர்வகிக்கும் அமைப்புகள் கூட்டாக ஒரு முடிவை அறிவித்தன. ரஷ்யாவும் பெலாரஸும் தேசிய அணிகளாக எந்தப் போட்டியிலும் பங்குபற்ற முடியாது. அப்போது பில்லி ஜீன் கிங் கிண்ணத்தின் நடப்புச் சம்பியனே ரஷ்யப் பெண்கள் அணிதான். அந்த அணியும் வெளியேற்றப்பட்டது. ஆனால் தனிநபர்களாக வீரர்கள் தொடர்ந்து ஆடலாம். நாட்டின் பெயரும் கொடியும் மட்டும் இருக்காது.

ஏப்ரல் 20 அன்று விம்பிள்டன் இன்னொரு முடிவை எடுத்தது. ரஷ்ய, பெலாரஸ் வீரர்கள் எவருக்கும் அந்த ஆண்டு அங்கே இடமில்லை என்றது. கொடியோடு சேர்த்து ஆளையும் வாசலில் நிறுத்திய முடிவு இது. பிறந்த நாட்டுக்காக ஒருவரைத் தண்டிப்பது பாரபட்சம் என்று கூறிய ஆண்கள், பெண்கள் சுற்றுகள் இரண்டும், அந்த ஆண்டின் விம்பிள்டனுக்குத் தரவரிசைப் புள்ளிகளை வழங்க மறுத்தன.

ஸலமிட்ஸே ஜோர்ஜியப் பிரஜையாக மாறியது அந்த இடைவெளியில்தான். குடும்பப் பெயரே ஜோர்ஜிய வேரைச் சொல்லும். புதிய நாட்டின் பெயரில் அவர் சேர்பியாவின் அலெக்ஸாண்ட்ரா குருனிச்சுடன் விம்பிள்டன் இரட்டையரில் ஆடினார். ஒரு வீரர் எந்த நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்பதைத் தீர்மானிப்பது தாங்கள் அல்ல என்று ஏற்பாட்டாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதே ஆண்டில் மகளிர் ஒற்றையர் கிண்ணத்தை வென்றவர் எலேனா ரைபாக்கினா. அவரும் மொஸ்கோவில் பிறந்தவர்; 2018இல் கஸகஸ்தானுக்கு மாறியிருந்தார். வாசலில் பரிசோதிக்கப்பட்டது கடவுச்சீட்டு மட்டுமே. யுத்தத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

இரட்டையரில் தண்டனை இருவருக்கு

மகளிர் இரட்டையர் என்பது பெரும்பாலும் நாடு கடந்த கூட்டு. அந்தச் சென்னைத் தொடர் 250 தரத்தில் நடந்தது. மொத்தப் பரிசுத்தொகை 251,750 அமெரிக்க டொலர். அதில் பெரும்பங்கு ஒற்றையருக்குப் போகும். இரட்டையரில் 16 இணைகள் ஆடும். வென்ற இணைக்கு 280 தரவரிசைப் புள்ளிகள். இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் ஓர் இணைக்கு இடம் கொடுக்கிறார்கள். ஒருத்தி விலக்கப்பட்டால் மற்றவள் வேறொரு துணையைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வாரத்தின் வருமானம் இல்லை. பயணச் செலவையும் பயிற்றுநரின் சம்பளத்தையும் தன் கையிலிருந்து கொடுக்கும் வீராங்கனைக்கு இது சிறிய விடயமில்லை.

பெல்ஜியத்தின் எலிஸ் மெர்ட்டென்ஸ் 2022இல் ரஷ்யாவின் வெரோனிகா குடெர்மெட்டோவாவுடன் இணைந்து ஆடிவந்தார். விம்பிள்டனில் குடெர்மெட்டோவாவுக்கு இடமில்லை. மெர்ட்டென்ஸ் சீனாவின் ஷாங் ஷுவாயுடன் சேர்ந்து இறுதிப்போட்டி வரை போனார். ஆண்டின் முடிவில் மீண்டும் குடெர்மெட்டோவாவுடன் இணைந்து, முன்னணி இணைகள் மட்டும் மோதும் ஆண்டிறுதித் தொடரை வென்றார். மெர்ட்டென்ஸ் உடனடியாக ஒரு நல்ல துணையைப் பிடிக்கக்கூடிய உயரத்தில் இருந்தார். தரவரிசையில் நூறுக்குக் கீழே இருக்கும் ஒருத்திக்கு அது எளிதல்ல.

சென்னையில் வென்ற இணையைப் பார்த்தாலும் இந்தக் கூட்டின் பெறுமதி விளங்கும். 2021 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் டப்ரோவ்ஸ்கியுடன் ஆடிக்கொண்டிருந்தபோது ஸ்டெஃபானியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒரு வருடம் களத்துக்கு வெளியே இருந்தார். அவர் திரும்பி வந்த தொடர் சென்னை ஓபன். சேர்ந்து ஆடியவர் அதே டப்ரோவ்ஸ்கி. ஒரு நாட்டுக்கு எதிரான தடை இத்தகைய கூட்டுக்குள் இறங்கும்போது அந்த நாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெண்ணும் அதன் விலையைக் கொடுக்கிறாள்.

1974இன் பாடம்

அப்படியானால் விளையாட்டுப் புறக்கணிப்பே பிழையா? அப்படிச் சொல்ல முடியாது. தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசைத் தனிமைப்படுத்தியதில் விளையாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1974இல் இந்திய அணி டேவிஸ் கிண்ண இறுதிப்போட்டிக்கு வந்தது, எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறியைக் கண்டித்து இந்தியா அந்தப் போட்டியில் ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாபிரிக்கா கிண்ணத்தைப் பெற்றது. அந்த இந்திய அணியின் முன்னணி வீரர் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ். அப்போது அவருக்கு 20 வயது. இந்தியா இன்று வரை டேவிஸ் கிண்ணத்தை வென்றதில்லை. 48 ஆண்டுகளின் பின்னர், 2022இல், தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவராக இருந்து சென்னைக்கு மகளிர் தொடரைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

ஆனால் அதே காலத்தில் தென்னாபிரிக்க வீரர்கள் தனிநபர்களாக ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1976 அமெரிக்க ஓபன் மகளிர் இரட்டையரை வென்றவர்கள் லிங்கி போஷொஃப், இலானா குளோஸ் என்ற தென்னாபிரிக்க இணை. அரசின் பெயரில் வரும் அணியைப் புறக்கணிப்பது, தன் பெயரில் வரும் ஆளை ஆடவிடுவது என்ற வழி அன்றே இருந்தது.

இலங்கையும் இதில் ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் கிரிக்கெட் வீரர்கள் சிலர் நிறவெறி தென்னாபிரிக்காவுக்குச் சென்று ஆடினார்கள். இலங்கை அவர்களுக்கு 25 வருடத் தடை விதித்தது. சில ஆண்டுகளின் பின்னர் அது நீக்கப்பட்டது. தடையின் கடுமையைப் பற்றி வாதிடலாம். ஆனால் அவர்கள் தண்டிக்கப்பட்டது தாங்களே தெரிந்து செய்த ஒரு செயலுக்காக. பிறந்த இடத்துக்காக அல்ல.

சென்னையில் நாங்கள் கண்டது

நுங்கம்பாக்கம் அரங்குக்கும் எங்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவுக்காகக் கட்டப்பட்ட அரங்கு அது. அந்த ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான சனங்கள் ஓரிரவில் வெளியேறினார்கள். டிசம்பர் 5 அன்று யாழ். நகரில் இராணுவம் கொடியேற்றியது. டிசம்பர் 18 அன்று சென்னையில் விழா ஆரம்பமானது. இலங்கை அணியும் கலந்துகொண்டது. தென்மராட்சியிலும் வன்னியிலும் மர நிழல்களின் கீழ் இருந்தவர்களை அந்த விழா நினைத்ததாகத் தெரியவில்லை.

பதினேழு, பதினெட்டு வருடங்களின் பின்னர் நிலைமை தலைகீழானது. 2012 செப்டெம்பரில், நட்புமுறைப் போட்டிக்காக இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த உதைபந்தாட்ட அணிகளை முதலமைச்சர் ஜெயலலிதா திருப்பி அனுப்பினார். அவற்றுள் பாடசாலைப் பிள்ளைகளின் அணியும் இருந்தது. 2013 பெப்ரவரியில், இலங்கை கலந்துகொள்வதால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த முடியாது என்றார். போட்டி பூனே நகருக்குப் போனது. மார்ச் மாதத்தில், சென்னையில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் எவரும் ஆடக்கூடாது என்ற முடிவு வந்தது.

அந்தக் கோபம் பொய்யானதல்ல. பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்து, தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு இறங்கியிருந்த மாதங்கள் அவை. நாங்கள் இங்கே வாய்திறக்க முடியாதிருந்த நேரத்தில் அங்கே யாரோ பேசினார்கள் என்பது பலருக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் ஐ.பி.எல். தடை யாரை நிறுத்தியது என்று பாருங்கள். அந்தப் பருவத்தில் பெங்களூர் அணியில் இருந்தவர் முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்த தமிழர். சென்னையில் பெண் எடுத்தவர். தமிழருக்காகக் கொண்டுவரப்பட்ட தடை ஒரு தமிழரையும் சேர்த்தே நிறுத்தியது. விம்பிள்டன் வாசலில் நின்ற அதிகாரி ஒன்பது ஆண்டுகள் கழித்துச் செய்த அதே வேலைதான்: கடவுச்சீட்டின் நிறத்தை மட்டும் பார்ப்பது.

கண்டியிலிருந்து பார்க்கும்போது

கடவுச்சீட்டு என்ற சொல்லுக்குக் கண்டியிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் தனியான பாரம் இருக்கிறது. இங்கே டென்னிஸ் துரைமாரோடு வந்த விளையாட்டு. கண்டி வாவிக்கரையில் உள்ள கார்டன் கிளப்பும் மலையகத்தின் தோட்டத்துரைமார் கிளப்புகளும் அந்தக் காலத்தின் எச்சங்கள். தேயிலை பறித்தவர்கள் அந்தக் கிளப்புகளின் உறுப்பினர்களாக இருக்கவில்லை. 1948க்குப் பின்னர் நாட்டின் உறுப்பினர்களாகவும் இருக்கவில்லை.

அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் தலைமன்னாருக்கு ரயிலேறின. அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்குமாகப் பிரிந்த வீடுகள் இங்கே எத்தனையோ. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடங்கள்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் பின்னர் வன்னி யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். அந்த முகாம்களில் இன்றும் 50,000க்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 2021 ஓகஸ்டில் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. 2019இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை.

இப்போது ஸலமிட்ஸேயிடம் திரும்பி வருவோம். ஒரு தொடரில் ஆடுவதற்காக ஒரு வீராங்கனை சில மாதங்களுக்குள் நாடு மாற முடிந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. கதவு திறந்திருந்தது, போனார். அவருக்குப் பின்னரும் பலர் போனார்கள். வர்வரா கிராச்சேவா 2023இல் பிரான்ஸுக்கு மாறினார். யுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்த டாரியா கசாட்கினா 2025இல் அவுஸ்திரேலியாவுக்கு மாறினார். அதே சென்னை நகரத்திலிருந்து சில மணிநேரப் பயணத்தில், முகாமில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளை எவ்வளவு திறமையாக ஆடினாலும் இந்தியாவுக்காக விளையாட முடியாது. அதற்கு இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். திறமையும் தரவரிசையும் உள்ளவருக்குக் கடவுச்சீட்டு ஓர் ஆவணம். இல்லாதவருக்கு அது தலைமுறைகளின் காத்திருப்பு. ஆகவே, கடவுச்சீட்டை வைத்துத் தண்டனை கொடுக்கும் ஒவ்வொரு தடையும் மாற்றிக்கொள்ள வசதியுள்ளவரைத் தப்பவிட்டு, வசதியில்லாதவரைப் பிடித்துக்கொள்கிறது.

சொல்லுக்குப் பொறுப்பு உண்டு

வீரரையும் அரசையும் பிரித்துப் பார்ப்பது என்றால் வீரர் என்ன பேசினாலும் மன்னிப்பது என்று பொருளல்ல. முரளிதரனையே எடுத்துக்கொள்வோம். 1977 வன்செயலில் அவருடைய குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டது. அந்த வீட்டிலிருந்து வந்தவர் டெஸ்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் 2009ஐப் பற்றி அவர் பேசிய பேச்சு பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாரை ஆழமாகப் புண்படுத்தியது. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் நடிக்க இருந்த விஜய் சேதுபதி, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் 2020 ஒக்டோபரில் விலகினார். தன் சொற்கள் திரிக்கப்பட்டன, யுத்தம் முடிந்ததையே சொன்னேன், மக்கள் செத்ததை அல்ல என்று முரளிதரன் விளக்கினார். அந்த விளக்கத்தை ஏற்பதா இல்லையா என்பது ஒவ்வொருவரின் விருப்பம்.

2013க்கும் 2020க்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன். 2013இல் அவர் நிறுத்தப்பட்டது இலங்கையர் என்பதற்காக. 2020இல் அவர் கேள்வி கேட்கப்பட்டது தன் வாயால் சொன்ன ஒன்றுக்காக. இரண்டாவதற்குப் பதில் சொல்ல அவரால் முடியும். முதலாவதற்கு என்ன பதில் சொல்வது?

விம்பிள்டனும் ஒரு வருடத்தில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2023இல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை மீண்டும் அனுமதித்தது. யுத்தத்தை ஆதரிக்க மாட்டோம், அரசின் பிரதிநிதிகளாக வரமாட்டோம் என்று அவர்கள் கையெழுத்திட வேண்டியிருந்தது. பிறப்பை விட்டு நடத்தையைக் கேட்ட நிபந்தனை அது. அரசுக்கு அஞ்சி வாழும் குடும்பத்தை ஊரில் வைத்திருப்பவருக்கு இந்தக் கையெழுத்தும் பாரம்தான். இருந்தாலும் முந்தைய ஆண்டின் தடையைவிட இது நியாயமானது.

கைகுலுக்காத உரிமை

இந்த விவாதத்தில் உக்ரைன் பெண்களை மறந்துவிடக் கூடாது. மார்த்தா கொஸ்டியூக் ரஷ்ய, பெலாரஸ் வீராங்கனைகளுடன் ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்குவதில்லை. 2023 பிரெஞ்சு ஓபனில் பெலாரஸின் அரினா சபலென்காவிடம் தோற்றுக் கைகொடுக்காமல் வெளியேறியபோது பாரிஸ் இரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். சொந்த ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் விளையாட்டு நாகரிகம் எதிர்பார்க்கப்பட்டது.

அந்தக் கூச்சல் எங்களுக்குப் பழக்கமான சத்தம். 2009க்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் ‘நல்லிணக்க’ விளையாட்டுப் போட்டிகள் பல நடந்திருக்கின்றன. கைகுலுக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய பதில் வரவில்லை. எதிரே நிற்பவரைத் தடைசெய்யாமலே அவரோடு கைகுலுக்க மறுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. கொஸ்டியூக் ஆட மறுக்கவில்லை. ஆடினார், தோற்றார், கை கொடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது போல நடிக்க மட்டும் அவர் மறுத்தார்.

நாங்கள் என்ன கேட்பது?

ஜெனீவாவில் அமர்வு வரும் ஒவ்வொரு முறையும் இலங்கைக்கு எதிரான புறக்கணிப்பு என்ற பேச்சு எங்கோ எழும். கேட்பது எங்கள் உரிமை. எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும்.

அரசின் பெயரில் வருவனவற்றை, அதாவது கொடியை, தேசிய கீதத்தை, சர்வதேசப் போட்டிகளை நடத்தும் உரிமையை, விளையாட்டு அமைப்புகளின் தலைமையில் அமர்த்தப்படும் படை அதிகாரிகளை, அரசியல்வாதிகளைக் கேள்விக்குட்படுத்தலாம். அங்கே அழுத்தம் கொடுத்தால் அது அரசுக்குப் போய்ச் சேரும். ஒரு வீரர் தன் செயலாலோ சொல்லாலோ கொலையை நியாயப்படுத்தினால் அவரைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். பாடசாலை உதைபந்தாட்ட அணியில் வரும் பிள்ளையையும், பரிசுத்தொகையில் பயணச் செலவைத் தேடும் இரட்டையர் ஆட்டக்காரியையும் வாசலில் நிறுத்துவதால் எந்த அரசும் அசைந்ததில்லை. அந்தப் பிள்ளை மட்டுமே திரும்பிப் போகிறது.

தமிழ்நாட்டை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. 2025 ஒக்டோபர் இறுதியில் சென்னை ஓபன் மூன்று வருட இடைவெளிக்குப் பின்னர் மீண்டும் நுங்கம்பாக்கத்தில் நடந்தது. உலகின் எந்த மூலையில் பிறந்த பெண்ணும், கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே ஆட முடிகிறது. நல்லது. முகாம்களில் பிறந்து, முப்பது வருடங்களாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் மைதானங்களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் டில்லியிடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மாவட்ட, மாநிலப் போட்டிகளிலும் அரசுப் பயிற்சி மையங்களிலும் அவர்களுக்கு இடம் கொடுப்பதற்கு டில்லியைக் கேட்கத் தேவையில்லை. தொடருக்கு 5 கோடி ரூபாய் கொடுக்க முடிந்த அரசு அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.